டோக்கியோவிலிருந்து கமகுராவுக்கு ரயிலில்: பெற்றோருடன் ஒரு நாள்

கேள்வி இது: நவம்பர் கடைசி வாரம் அலுவலக வேலையாக டோக்கியோ போகிறீர்கள். அப்பா, அம்மாவும் கூட வருகிறார்கள். ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. கடலோர ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை, பலரும் கமகுராவைச் சொல்கிறார்கள். கார் எடுக்காமல் ரயிலிலேயே போய்வர முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. மூவரும் சைவம்.

தாராளமாக முடியும். சொல்லப்போனால், காரில் போவதுதான் அங்கே கஷ்டம். ஊருக்குள் தெருக்கள் குறுகல். கடலை ஒட்டிப் போகும் ஒரே நெடுஞ்சாலை விடுமுறை நாட்களில் ஊர்ந்துதான் நகரும். நான் யோகோஹாமாவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அங்கிருந்து கமகுரா அரை மணி நேரம்கூட இல்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அது புரிந்தால் ரயில், நடை, நேரம் எல்லாம் தானாகப் புரியும். மூன்று பக்கம் மலை, தெற்கே சகாமி விரிகுடா. 1180-இல் மினமோத்தோ நோ யோரித்தோமோ என்ற போர்த்தலைவர் இங்கே வந்து தளம் அமைத்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். எதிரி உள்ளே வர வேண்டுமென்றால் மலையை வெட்டிப் போட்ட குறுகலான பாதைகள் வழியாகத்தான் வர முடியும். அப்படி ஏழு பாதைகளைக் கணக்குச் சொல்வார்கள். 1333 வரை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு, ஜப்பானின் நிஜமான அதிகாரம் இந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் இருந்தது. பேரரசர் கியோத்தோவில் இருந்தார், ஆட்சி இங்கே நடந்தது. ஆட்சி போனபின் ஊர் சுருங்கி மீனவர் ஊராயிற்று. 1889-இல் யோகோசுகா கடற்படைத் துறைமுகத்துக்கு ரயில் போட்டார்கள். அந்தப் பாதை இந்த ஊர் வழியாகப் போனதால் கமகுரா மறுபடி வெளியுலகத்தோடு ஒட்டிக்கொண்டது. நீங்கள் ஏறப்போவதும் அதே யோகோசுகா பாதைதான்.

ஆகவே என் யோசனை ஒன்றே ஒன்று: மலைப் பக்கம் இறங்குங்கள், கடல் பக்கம் நாளை முடியுங்கள். பெரும்பாலானவர்கள் நேரே கமகுரா நிலையத்தில் இறங்கி, கடைத்தெருவில் காலை முழுவதையும் தொலைத்துவிட்டு, மதியம் நெரிசலில் அங்குள்ள பெரிய புத்தர் சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கமகுராவுக்கு முந்தைய நிலையம் கித்தா-கமகுரா, அதாவது வட கமகுரா. அங்கேயே இறங்கிவிடுங்கள்.

சரி, ரயில். தங்குவது டோக்கியோ நிலையம், ஷிம்பாஷி, ஷினகாவா பக்கம் என்றால் ஜேஆர், அதாவது ஜப்பான் ரயில்வேயின், யோகோசுகா பாதை. கிரீம், நீலம் இரண்டு நிறப் பட்டை போட்ட ரயில். டோக்கியோ நிலையத்தில் இதன் நடைமேடை பூமிக்கடியில் மிக ஆழத்தில் இருக்கிறது. நகரும் படிகளில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்காக மின்தூக்கி தேடிப் போவதாக இருந்தால் 15 நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கித்தா-கமகுராவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் ஒரு வழிக்குச் சுமார் 1,000 யென். முன்பதிவு எதுவும் வேண்டாம், நம் ஊர் மின்சார ரயில் மாதிரி ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

ஷின்ஜுகு, ஷிபுயா பக்கம் தங்கினால் ஷோனான்-ஷின்ஜுகு பாதை. இதில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே பெயரில், ஒரே நடைமேடையிலிருந்து இரண்டு வகை ரயில்கள் கிளம்பும். ஜூஷி போகும் ரயில் கமகுரா வழியாகப் போகும். ஒதாவாரா, கோசு பக்கம் போகும் ரயில் ஓஃபுனா தாண்டியதும் வேறு திசையில் திரும்பிவிடும். நான் முதன்முதலாகப் போனபோது இரண்டாவது வகையில் ஏறி, கமகுரா வரும் வரும் என்று காத்திருந்து ஃபுஜிசாவாவில்தான் விழித்துக்கொண்டேன். அறிவிப்புப் பலகையில் ஜூஷி என்ற பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தவறி மற்றதில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். தோத்சுகாவிலோ ஓஃபுனாவிலோ இறங்கி யோகோசுகா பாதை ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம், கூடுதல் கட்டணம் கிடையாது.

இந்த இரண்டு பாதைகளிலும் 4, 5 எண் பெட்டிகள் இரண்டு அடுக்கு கொண்டவை. கிரீன் கார் என்பார்கள். தனிக் கட்டணம் உண்டு, ஆனால் இருக்கைகள் நம் சேர் கார் மாதிரி வசதியானவை. காலை நெரிசலில் பெற்றோரை ஒரு மணி நேரம் நிற்க வைப்பதைவிட அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஏறுமுன் நடைமேடையிலுள்ள இயந்திரத்திலோ கைப்பேசியிலோ வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே போய் வாங்கினால் விலை கூடும். உட்கார்ந்ததும் தலைக்கு மேல் இருக்கும் கருவியில் அட்டையைத் தொட்டால் சிவப்பு விளக்கு பச்சையாகும். அப்புறம் யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

அட்டை என்றது சுய்கா அல்லது பாஸ்மோ, பணம் ஏற்றிவைத்துத் தொட்டுப் போகும் ரயில் அட்டைகள். மூவருக்கும் தனித்தனியாக ஒன்று வேண்டும், ஒரே அட்டையில் மூன்று பேர் நுழைய முடியாது. ஜப்பான் ரயில் பாஸ் ஏற்கெனவே வைத்திருந்தால் கமகுரா வரை செல்லும். ஆனால் கடலோரமாக ஓடும் குட்டி ரயில் எனோடென் வேறு நிறுவனம், அதில் செல்லாது. இந்த ஒரு நாளுக்காக அந்தப் பாஸை வாங்குவது வீண் செலவு.

ஷின்ஜுகுவிலிருந்து ஒதாக்யு நிறுவனத்தின் ரயிலில் ஃபுஜிசாவா போய், அங்கிருந்து எனோடெனில் வருவது மூன்றாவது வழி. போக வர டிக்கெட்டும், எனோடெனில் நாள் முழுவதும் ஏறி இறங்கும் உரிமையும் சேர்ந்த ஒரு பாஸ் விற்கிறார்கள். பணம் மிச்சமாகும். ஆனால் அந்த வழியில் வந்தால் கடலில் தொடங்கி மலையில் முடிப்பீர்கள். நவம்பர் கடைசியில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும், கோயில்களையும் நான்கு, நான்கரைக்கு அடைத்துவிடுவார்கள். அதனால்தான் எனக்கு இந்த வரிசை பிடிக்காது.

எட்டரை மணிக்குள் கித்தா-கமகுராவில் இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒடுங்கிய, நீளமான நடைமேடை, பக்கத்திலேயே தேவதாரு மரங்கள். நிலையத்தை ஒட்டியே எங்ககுஜி. ரயில் பாதை போட்டபோது இந்தக் கோயிலின் வளாகத்தை அறுத்துக்கொண்டுதான் போட்டார்கள். கோயிலின் குளம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வாசல் இந்தப் பக்கம். 

எங்ககுஜி கட்டப்பட்டது 1282-இல். 1274-இலும் 1281-இலும் மங்கோலியப் படைகள் கடல்வழியாக ஜப்பான் மீது வந்தன. அவற்றைத் தடுத்த ஆட்சியாளர் ஹோஜோ தோக்கிமுனே, போரில் இறந்த இரு தரப்பாருக்கும் சேர்த்து வழிபாடு நடக்க வேண்டும் என்று இதைக் கட்டினார். முதல் தலைமைத் துறவியாகச் சீனாவிலிருந்து வந்த ஒருவர் அமர்ந்தார். எதிரிப் படையில் செத்தவனுக்கும் அதே தீபம், அதே மணி. நவம்பர் கடைசியில் இங்கே மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியிருக்கும். டோக்கியோவைவிடக் கமகுராவில் இலைகள் சற்றுத் தாமதமாகத்தான் நிறம் மாறும், டிசம்பர் முதல் வாரத்திலும் பார்க்கலாம். படிகள் உண்டு. பெரிய வாசல் வரை போனாலே போதும், அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே ஒரு சுற்று வரலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் தோகேய்ஜி. சின்னக் கோயில், சுற்றுலா வழிகாட்டிகளில் ஒரு வரியோடு போய்விடும். எனக்குக் கமகுராவிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். தோக்கிமுனே இறந்த மறு ஆண்டு, 1285-இல், அவர் மனைவி துறவியாகி இதைத் தொடங்கினார். கணவனே மனைவியைத் தள்ளி வைக்கலாம், மனைவி தானாகப் பிரிய முடியாது என்றிருந்த காலத்தில், கொடுமை தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கு இங்கே அடைக்கலம். உள்ளே வந்து குறிப்பிட்ட காலம், தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள், தங்கிவிட்டால் மணமுறிவு கிடைத்துவிடும். கணவன் துரத்திக்கொண்டு வந்தாலும், அவள் தன் செருப்பைக் கழற்றி வாசலுக்குள் எறிந்துவிட்டால் உள்ளே வந்ததாகக் கணக்கு என்று சொல்வார்கள். ஏறக்குறைய 600 ஆண்டுகள் அந்த உரிமை இருந்தது. மெய்ஜி காலத்தில், அதாவது 1868-க்குப் பிறகு, மணமுறிவுச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தேவை நின்றது. அம்மாவிடம் இந்தக் கதையை வாசலில் நின்றே சொல்லுங்கள். என் அத்தையிடம் சொன்னபோது, அவர் அந்தப் படிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதன் பிறகு இரண்டு வழி. முழங்கால் ஒத்துழைத்தால் சாலையோரமாகச் சுமார் 15, 20 நிமிடம் நடந்து கென்ச்சோஜி போகலாம், பஸ்ஸும் உண்டு. 1253-இல் தொடங்கிய பெரிய ஜென் பௌத்த மடம். ஜப்பானில் முழுக்க ஜென் பயிற்சிக்கென்றே எழுந்த முதல் மடம் என்பார்கள். அங்கே எலும்பும் நரம்பும் தெரிய அமர்ந்திருக்கும் நோன்பிருக்கும் புத்தர் சிலை ஒன்று இருக்கிறது. லாகூர் அருங்காட்சியகத்திலுள்ள காந்தாரச் சிலையின் நகல், பாகிஸ்தான் கொடுத்தது. அங்கிருந்து ஊரின் முக்கியக் கோயிலான ஹச்சிமான் கோயில் இன்னும் 15 நிமிட நடை. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கென்ச்சோஜியை விட்டுவிடுங்கள். மறுபடி ரயிலேறினால் மூன்று நிமிடத்தில் கமகுரா. இடையில் சுரங்கம் வரும். அதைத் தாண்டும்போதுதான் மலைச்சுவருக்குள் நுழைகிறீர்கள்.

கமகுராவின் நடுமுதுகு வாகமியா ஓஜி என்ற நேர்த் தெரு. ஹச்சிமான் கோயிலிலிருந்து கடற்கரை வரை கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், கோடு கிழித்தது போல ஓடும். அதன் நடுவில் சாலையைவிட உயரமாக ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் செர்ரி மரங்கள். 1182-இல் யோரித்தோமோ தன் மனைவி மசாக்கோவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்ற வேண்டுதலோடு போட்ட பாதை. கோயிலை நெருங்க நெருங்க அதன் அகலம் குறைந்துகொண்டே வரும், அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். 

த்சுருகாஓகா ஹச்சிமான் கோயிலின் மேல் சன்னதிக்கு 61 படிகள். அம்மா ஏற வேண்டியதில்லை. படிகளின் அடியில், இடது பக்கம் பெரிய கிங்கோ மரம் ஒன்று இருந்தது. 1219-இல் யோரித்தோமோவின் மகன், மூன்றாவது ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) சானேத்தோமோ, பனி பெய்த இரவில் இந்தப் படிகளில் இறங்கும்போது சொந்த அண்ணன் மகனே அவரை வெட்டிக் கொன்றான். அந்த மரத்தின் பின்னால் ஒளிந்திருந்தான் என்பது வழிவழியாக வரும் கதை. 2010 மார்ச்சில் புயல் காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. அடிமரத்தின் ஒரு துண்டைப் பக்கத்திலேயே நட்டார்கள். பழைய வேரிலிருந்தும் துளிர் வந்து வளர்ந்து நிற்கிறது. நவம்பர் கடைசியில் அந்த இளங்கிளைகள் மஞ்சளாக இருக்கும்.

குளத்துத் தீவில் இருக்கும் சின்னச் சன்னதியையும் காட்டுங்கள். பென்ஸைத்தென், அதாவது நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீனா வழியாக வந்து ஜப்பானிய தெய்வமாகிவிட்டாள். வீணைக்குப் பதில் பீவா என்ற தந்தி வாத்தியம், எப்போதும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பாள், பாம்பு அவளுடைய தூதன். எனோஷிமாத் தீவில் இருப்பது ஜப்பானின் பெயர்பெற்ற மூன்று பென்ஸைத்தென் தலங்களில் ஒன்று. மலைப் பக்கம் ஸெனியாராய் பென்டென் என்று இன்னொன்று. அங்கே ஊற்றுநீரில் காசைக் கழுவினால் பெருகும் என்று நம்பிக்கை. ஆனால் அங்கே போகும் ஏற்றம் செங்குத்தானது, இந்த முறை வேண்டாம்.

சாப்பாடு. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கமகுராவின் பெருமை ஷிராசு என்ற பொடிமீன், எந்தக் கடையிலும் அதுதான். சைவம் போலத் தெரியும் நூடுல்ஸ் குழம்பிலும், டோஃபுவின் மேல் ஊற்றும் சாற்றிலும் தாஷி இருக்கும். உலர்ந்த மீனை ஊறவைத்து எடுக்கும் சாறு அது. கென்ச்சோஜி மடத்தின் பெயரால் வந்ததாகச் சொல்லும் கென்ச்சின் சூப்பு, கிழங்கும் டோஃபுவும் போட்டு மடத்துத் துறவிகள் சமைத்த சுத்த சைவம். ஆனால் வெளிக் கடைகளில் அதிலும் மீன்சாறு சேர்க்கிறார்கள். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். "நிகு தோ சகானா வா தபேமாசென், தாஷி மோ தமே தேசு" என்று ஒரு தாளில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கிக் காட்டுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம், தாஷியும் கூடாது என்று பொருள். மடத்து சைவச் சாப்பாட்டுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர், அதைப் பரிமாறும் உணவகங்கள் கமகுராவில் உண்டு. விலை அதிகம், முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. வாழ்நாளில் ஒருமுறை பெற்றோரோடு போகும்போது அந்தச் செலவைச் செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன். முடியாவிட்டால் விடுதியிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடுங்கள். இனிப்புக்கு ஊதாச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஐஸ்கிரீம் எங்கும் கிடைக்கும்.

கட்டிக்கொண்டு போனால் கடற்கரையில் மட்டும் பிரிக்காதீர்கள். அங்கே வட்டமிடும் பருந்துகள் பின்னாலிருந்து பாய்ந்து கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போகும். என் கண் முன்னால் ஒரு குழந்தையின் கையிலிருந்த ரொட்டி போனது, விரலில் கீறல். எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. கடைத்தெருவிலும் நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம். நெரிசலில் அடுத்தவர் உடையில் படும் என்பதால், இதைத் தவிர்க்கும்படி ஊரார் 2019-இல் ஒரு விதியே இயற்றிக் கேட்டுக்கொண்டார்கள்.

மதியத்துக்கு மேல் ஹாசே. கமகுரா நிலையத்தின் மேற்கு வாசலிலிருந்து எனோடென் ரயிலில் மூன்றாவது நிலையம். இந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1902-இல் ஃபுஜிசாவா பக்கமிருந்து ஓடத் தொடங்கி, 1910-இல் கமகுராவை எட்டியது. மொத்தம் 10 கிலோமீட்டர், 15 நிலையங்கள், முழுத் தூரத்துக்கும் 40 நிமிடம் கூட ஆகாது. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும், துணி காய்வது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஓரிடத்தில் சாலையிலேயே கார்களோடு சேர்ந்து ஓடும். கோஷிகோயே நிலையத்தின் நடைமேடை நான்கு பெட்டி நீளத்துக்குப் போதாது, ஒரு பெட்டியின் கதவுகள் அங்கே திறக்காது.

பாதை ஒற்றைத் தடம். எதிர் ரயிலுக்கு வழிவிடும் இடங்களில் நின்று நின்றுதான் போக முடியும். அதனால் கூட்டம் எவ்வளவு கூடினாலும் ரயிலைக் கூட்ட முடியாது, ஏறக்குறைய கால் மணிக்கு ஒன்றுதான். சுமார் 1,70,000 பேர் வாழும் ஊர் அது. பள்ளிப் பிள்ளைகளும், மருத்துவமனைக்குப் போகும் வயதானவர்களும் அந்த ரயிலை நம்பித்தான் இருக்கிறார்கள். மே மாத விடுமுறைகளில் உள்ளூர்க்காரர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து, வரிசையில் நிற்காமல் உள்ளே விடும் ஏற்பாட்டையெல்லாம் செய்து பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே முடிந்தால் சனி, ஞாயிறு வேண்டாம். நவம்பர் 23 ஜப்பானில் பொது விடுமுறை, அன்றும் வேண்டாம். மேற்கு வாசலில் வரிசை நீண்டிருந்தால், கிழக்கு வாசலிலிருந்து புத்தர் கோயிலுக்கு நேரே பஸ் இருக்கிறது, சாலை காலியாக இருந்தால் பத்து நிமிடம். அம்மாவுக்கு அதுதான் சுகம், கோயில் வாசலிலேயே இறக்கிவிடும். ஹாசே நிலையத்திலிருந்து என்றால் ஏழெட்டு நிமிடம் நடக்க வேண்டும்.

பெரிய புத்தர் இருக்கும் கோயிலின் பெயர் கோதோகு-இன். 1252-இல் வெண்கலத்தில் வார்க்கத் தொடங்கிய அமிதாப புத்தர். பீடம் நீங்கலாக 11.3 மீட்டர் உயரம், சுமார் 121 டன் எடை. முதலில் மேலே மண்டபம் இருந்தது, உடம்பெல்லாம் பொன் பூச்சு இருந்தது. புயல்கள் மண்டபத்தைச் சாய்த்தன. கடைசியாக 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கடற்கோள் அதை அடித்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். அதன் பிறகு 500 ஆண்டுகளாக அவர் மழையிலும் வெயிலிலும்தான் உட்கார்ந்திருக்கிறார். வலது கன்னத்தருகே பொன்னின் சுவடு இன்னும் மங்கலாகத் தெரியும். ஒரு சின்னத் தொகை கட்டினால் சிலையின் வயிற்றுக்குள் போகலாம். இடம் குறுகல், ஆனால் அப்பாவுக்குப் பிடிக்கும். அடுக்கடுக்காக வார்த்து ஒன்றோடொன்று கவ்வ வைத்த தடங்கள் உள்பக்கம் அப்படியே இருக்கின்றன. 1923 நிலநடுக்கத்தில் பீடம் நொறுங்கியது. 1960-61-இல் கழுத்தை உள்ளிருந்து வலுப்படுத்தி, நிலம் ஆடினால் சிலை பீடத்தின் மேல் சற்று நழுவிக்கொள்ளும்படி அடியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்தார்கள்.

இந்த வளாகத்திலேயே ஒரு நினைவுக் கல் இருக்கிறது, பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தனவுக்காக 1991-இல் வைத்தது. 1951-இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில், அப்போது நிதியமைச்சராக இருந்த அவர், வெறுப்பு வெறுப்பால் தணிவதில்லை, அன்பாலேயே தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இலங்கை இழப்பீடு கேட்காது என்று அறிவித்தார். தோற்றுக் கிடந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது ஜப்பானியரின் நன்றியில் தெரிகிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது நாட்டின் குடியரசுத் தலைவரும் அவர்தான். தமிழ் பேசும் எவராலும் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு நிற்க முடியாது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரோடு போயிருந்தபோது, அவர் முழுவதையும் வாசித்தார். திரும்பிப் புத்தரைப் பார்த்தார். அப்புறம் நிலையம் வரும் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நேரம் மூன்று மணிக்குள் இருந்தால் ஹாசேதேராவையும் பாருங்கள், வரும் வழியில்தான். 9.18 மீட்டர் உயரமுள்ள பதினொரு முகக் கன்னோன், அதாவது கருணைத் தெய்வத்தின் சிலை, மரத்தில் செதுக்கிப் பொன் வேய்ந்தது. ஒரே கற்பூர மரத்திலிருந்து இரண்டு சிலைகள் செய்து, ஒன்றை நாராவில் வைத்து, மற்றதை உயிர்களைக் காக்கட்டும் என்று கடலில் விட்டார்களாம். அது 15 ஆண்டுகள் மிதந்து இந்தப் பக்கத்துக் கரை ஒன்றில் ஒதுங்கியதாம். கோயில் கதை இது. அங்கே படிகளும் உண்டு, ஆனால் இடையிடையே நின்று நின்று ஏறலாம். மேலே போனால் யுய்கஹாமா கடற்கரை முழுவதும் வளைந்து கிடப்பது தெரியும். கடல் வரை இறங்கிப் போக முடியாத பெரியவர்களுக்குக் கடலைக் காட்ட இதைவிட நல்ல இடம் கமகுராவில் இல்லை.

பிறகு ஹாசேயில் எனோடென் ஏறி மேற்கே போங்கள், இடது பக்கம் உட்கார வேண்டும். ஒரே ஒரு சுரங்கம் வரும், பிறகு கொஞ்ச நேரம் வீடுகள், திடீரென்று சுவர் விலகி முழுக் கடல். இனாமுராகசாகியில் இறங்கினால் சில நிமிடத்தில் கடல் முனை. 1333-இல் நித்தா யோஷிசாதா என்ற தளபதி கமகுராவைத் தாக்க வந்தபோது மலைப்பாதைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. அவன் இந்த முனையில் நின்று தன் பொன்வாளைக் கடலில் எறிந்து வேண்டிக்கொள்ள, கடல் உள்வாங்கி வழிவிட்டது என்கிறது பழங்கதை. ஈரமணலில் படை சுற்றி வந்து ஊருக்குள் நுழைந்தது. அந்த ஆட்சி அத்தோடு முடிந்தது. மூன்று பக்கம் மலையென்று காவல் போட்ட ஊருக்கு நான்காவது பக்கத்தால் வந்தது முடிவு. குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் இங்கிருந்து எனோஷிமாத் தீவுக்குப் பின்னால் ஃபுஜி மலை தெரியும். நாலே காலுக்கு அங்கே நின்றால் சூரியன் இறங்குவதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு நிலையம் தள்ளி, ஓர் அனிமேயில் வந்ததால் உலகப் புகழ் பெற்ற ரயில் கடவை ஒன்று உண்டு. படமெடுக்கச் சாலை நடுவில் நிற்கும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவலர்களை நிறுத்த வேண்டிய நிலை. அது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தினமும் நடக்கும் வழி. நீங்கள் அங்கே இறங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். ரயிலிலிருந்து பார்த்தாலே அதே கடல்தான்.

கடற்கரைப் பக்கம் இருக்கும்போது நிலம் பலமாக ஆடினால், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே மேட்டுக்குப் போங்கள். கம்பங்களில் அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். 2004-க்குப் பிறகு நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாலையில் ஒலிபெருக்கியில் இசை வந்தால் பயப்படாதீர்கள், பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும் அன்றாட ஒலி அது.

செலவு: ரயில், பஸ், கோயில் நுழைவு எல்லாம் சேர்த்து, சாப்பாடும் கிரீன் காரும் நீங்கலாக, ஒருவருக்கு 4,000 முதல் 5,000 யென். கோயிலுக்கு 300 முதல் 500 யென் வரை ஆகும். சில்லறை நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் அட்டை எடுக்க மாட்டார்கள்.

திரும்புவதற்கு மறுபடி கமகுராவுக்கு வராதீர்கள், மாலையில் அந்தப் பக்கம்தான் நெரிசல். இரண்டு வழி சொல்கிறேன். எனோடெனிலேயே கடைசி வரை போனால் ஃபுஜிசாவா, அங்கே ஜேஆர் தோக்காய்தோ பாதையில் ஏறினால் 50 நிமிடத்தில் டோக்கியோ நிலையம். இன்னொன்று, எனோஷிமா நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் ஷோனான் மோனோரயிலில் ஓஃபுனா போவது. 1970-இல் தொடங்கிய தொங்கு ரயில் அது. தண்டவாளம் மேலே, பெட்டி கீழே, கூரைகளுக்கும் மலைச்சரிவுகளுக்கும் நடுவில் ஆடிக்கொண்டு 6.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் கடந்துவிடும். ரயில் என்றால் அப்பாவுக்கு ஆசை உண்டா என்று எழுதவில்லை. உண்டென்றால் அவரை முன்பெட்டியில், ஓட்டுநருக்குப் பின்னால் நிற்க வையுங்கள்.